நீலப் பெட்டி ஏன் குலுங்காமல் கிளம்பியது?

புதுக்கோட்டை வழியாகச் சென்னைக்கும் ராமேஸ்வரத்துக்கும் ரயிலில் போய்வருகிறவர்கள் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். பெட்டி புதிது, விளக்கு புதிது, கழிப்பறையும் புதிது. ஆனால் வண்டி கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறது. மேல் படுக்கையில் தூங்குகிறவர் திடுக்கிட்டு விழிக்கிறார். கையில் இருக்கும் தேநீர் தளும்புகிறது. பழைய நீலப் பெட்டியில் இப்படி இருந்ததில்லையே? நடைமேடைத் தூண்கள் பின்னால் நகர்வதைப் பார்த்துத்தான் வண்டி கிளம்பிவிட்டது என்றே அப்போது தெரிந்துகொள்வோம். அப்படிப்பட்ட பெட்டியை ஒதுக்கிவிட்டு, குலுக்கிக் கிளம்பும் பெட்டியை எதற்காகக் கொண்டுவந்தார்கள்?

கேள்வி நியாயமானது. விடையைத் தேடப் பெட்டிக்குள் போக வேண்டாம். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குப் போனால் போதும். நீலப் பெட்டி நமக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த இணைப்பு. அது ஓய்வு பெற வேண்டியிருப்பதற்கும் பெரிய காரணம் அதே இணைப்புதான்.

பெரம்பூரில் பிறந்த பெட்டி

நாம் நீலப் பெட்டி என்பதை ரயில்வேக்காரர்கள் ஐசிஎஃப் பெட்டி என்பார்கள். சென்னை பெரம்பூரில் இருக்கும் பெட்டித் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம் அது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். பெட்டியின் வடிவமைப்பு சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரை அடுத்த ஷ்லீரனில் இருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தது.

அதற்கு முன் ஓடிய பெட்டிகள் பலவற்றில் கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் மரக்கூடு. பாரம் முழுவதையும் சட்டமே சுமக்கும். மேலே இருக்கும் கூடு வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு, அவ்வளவுதான். மோதல் என்று வந்தால் மரக்கூடு நொறுங்கிவிடும், தீயும் பற்றும். பெரம்பூர்ப் பெட்டி இதை மாற்றியது. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் எஃகு. எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரே குழாயாக நிற்கும். பாரத்தை எல்லாப் பக்கமும் பங்குபோட்டுச் சுமக்கும். இதை ‘ஒருங்கிணைந்த கூடு’ என்று சொல்லலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாதுகாப்பு முன்னேற்றம். ஆகவே இன்று ஓய்வு பெறும் பெட்டியைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரு தலைமுறைப் பயணிகளின் உயிரைக் காக்க வந்த பெட்டி அது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல் ரயில் வந்தது. அடுத்த ஆண்டே பாதை மானாமதுரை வரை நீண்டது. அப்போது போட்டது மீட்டர் பாதை. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அது அகலப்பாதையாக மாறியது. அதன்பின் கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் என்று இந்த மாவட்டத்து நிலையங்களில் வந்து நின்றவை பெரிய நீலப் பெட்டிகள். இன்றும் பலர் ‘போட் மெயில்’ என்றே அழைக்கும் ராமேஸ்வரம் வண்டியிலும், காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஓடும் பல்லவனிலும் இந்த ஊர்க்காரர்கள் ஏறி அமர்ந்தது அவற்றில்தான்.

2018 ஜனவரியில் பெரம்பூர் ஆலை தன் கடைசிப் பழைய வகைப் பெட்டியை அனுப்பிவைத்தது. அதன்பின் அங்கே அந்த வடிவத்தில் பெட்டி செய்யவில்லை. அதன் இடத்துக்கு வந்தது எல்எச்பி பெட்டி. ஜெர்மனியின் லிங்க் ஹாஃப்மன் புஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. பழைய பெட்டியைவிட ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் அதிகம். தூங்கும் வகுப்புப் பெட்டியில் 72 படுக்கைகள் இருந்த இடத்தில் 80 படுக்கைகள். நீலப் பெட்டி வழக்கமாக மணிக்கு 110 கிலோமீட்டர் வரை ஓடியது. எல்எச்பி 160 கிலோமீட்டர் வரை ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டது.

தொய்வு இல்லாத இணைப்பு

நீலப் பெட்டியின் முனையைக் கீழே நின்று பார்த்தால் மூன்று பொருள்கள் தெரியும். நடுவில் ஒரு கொக்கி. இரண்டு ஓரங்களிலும் வட்டமான இரும்புத் தட்டு முகம் கொண்ட இரண்டு பஃபர்கள். பஃபருக்குப் பின்னால் அமுங்கி விரியும் வில் இருக்கும்.

இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும்போது பாயிண்ட்ஸ்மேன் என்னும் ஊழியர் நடுவே இறங்கி, ஒரு பெட்டியின் வளையத்தை அடுத்த பெட்டியின் கொக்கியில் மாட்டுவார். அந்த வளையத்தின் நடுவில் ஒரு திருகு உண்டு. கையால் அதைச் சுற்றச் சுற்ற இரண்டு பெட்டிகளும் நெருங்கும். பஃபர் முகங்கள் ஒன்றையொன்று தொட்டுச் சற்றே அமுங்கும் வரை முறுக்குவார். இதைத் திருகு இணைப்பு என்போம்.

இப்போது அந்த இணைப்பில் என்ன நடக்கிறது? கொக்கி இரண்டு பெட்டிகளையும் உள்ளே இழுக்கிறது. பஃபர்கள் வெளியே தள்ளுகின்றன. இரண்டும் எதிரெதிராக முறுக்கேறி நிற்பதால் நடுவில் இடைவெளியே இல்லை. எஞ்சின் இழுத்தவுடன் இழுவை முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை தடையில்லாமல் போகிறது. எல்லாப் பெட்டிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகர்கின்றன.

எல்எச்பி பெட்டியில் ஓரத்துப் பஃபர்கள் கிடையாது. நடுவில் ஒரே ஓர் இணைப்பு. மடக்கிய கைவிரல்கள்போல ஒன்றையொன்று பற்றும் இரண்டு பெரிய எஃகுத் தலைகள். பெட்டிகளை மெல்ல மோதவிட்டால் அவை தாமாகவே பூட்டிக்கொள்ளும். இதை நடு இணைப்பு என்போம். பாயிண்ட்ஸ்மேன் இரண்டு பெட்டிகளுக்கு இடையே நின்று கனத்த திருகைச் சுற்றும் ஆபத்தான வேலை இதனால் பெருமளவு குறைந்தது.

ஆனால் இரண்டு எஃகுத் தலைகள் தாமாகப் பூட்டிக்கொள்ள வேண்டுமானால், நடுவே கொஞ்சம் இடம் இருந்தே ஆக வேண்டும். தலைகள் தேயத் தேய அந்த இடம் கூடும். தலைக்குப் பின்னால் இழுப்பையும் தள்ளலையும் தாங்கும் வில் தொகுதியும் முன்னும் பின்னும் சற்று அசையும். இரண்டும் சேர்ந்த அசைவுக்குத் ‘தொய்வு’ என்று பெயர் வைப்போம். கயிற்றில் கட்டிய கன்று, கயிறு தொய்ந்து கிடக்கும்போது துள்ளி ஓடினால், கயிறு முடியும் இடத்தில் கழுத்தை வெட்டி இழுக்கும். கயிறு முதலிலிருந்தே விறைப்பாக இருந்தால் அந்த வெட்டு இருக்காது. நம் ரயிலிலும் நடப்பது இதுதான்.

20 பெட்டிகள், 40 சென்டிமீட்டர்

தொய்வு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது கூடிக்கொண்டே போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 பெட்டிகள் கொண்ட வண்டி புதுக்கோட்டை நிலையத்தில் நிற்கிறது. பெட்டிக்கு 2 சென்டிமீட்டர் தொய்வு என்று கொள்வோம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட அளவு இது. எஞ்சின் ஒரே சீராக, ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் என்ற அளவில் வேகத்தைக் கூட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இது மிக மென்மையான கிளம்பல்.

எஞ்சின் 2 சென்டிமீட்டர் நகர்ந்ததும் முதல் பெட்டி இழுபடுகிறது. 4 சென்டிமீட்டரில் இரண்டாவது பெட்டி. 20 சென்டிமீட்டரில் பத்தாவது பெட்டி. கடைசியாக இருக்கும் இருபதாவது பெட்டிக்கு முறை வரும்போது எஞ்சின் 40 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதுவரை அந்தப் பெட்டி அசையாமல் நிற்கிறது. அதில் இருப்பவர்களைப் பொறுத்தவரை வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

40 சென்டிமீட்டர் நகர எஞ்சினுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முதல் வினாடியில் 5 சென்டிமீட்டர், இரண்டு வினாடி முடிவில் 20 சென்டிமீட்டர், மூன்று வினாடி ஆவதற்குச் சற்று முன்பே 40 சென்டிமீட்டர். அந்த நொடியில் எஞ்சினின் வேகம் வினாடிக்கு 28 சென்டிமீட்டர், அதாவது மணிக்கு ஒரு கிலோமீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் கால்பங்குகூட இல்லை. இதில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும்.

நம் உடல் வேகத்தை உணர்வதில்லை. வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதைத்தான் உணர்கிறது. அந்த 28 சென்டிமீட்டர் வேகத்தை அடைய எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட மூன்று வினாடி கிடைத்தது. கடைசிப் பெட்டிக்கு அந்த அவகாசம் இல்லை. தொய்வு தீர்ந்த கணத்தில், வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது அதே வேகத்துக்கு வந்தாக வேண்டும். எஞ்சின் வேகம் கூட்டியதைப்போல இது பதினான்கு மடங்கு.

60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தப் பெட்டியில் நிற்கிறார் என்போம். தொய்வே இல்லாவிட்டால் அவர்மேல் படும் தள்ளல் ஏறத்தாழ 600 கிராம் எடைக்குச் சமம். அதை அவர் உணரமாட்டார். தொய்வோடு கிளம்பினால் எட்டு, ஒன்பது கிலோ எடைக்குச் சமமான தள்ளல் ஒரே அடியாக விழும். பிடிமானம் இல்லாமல் நின்றால் தடுமாறுவார்.

உண்மையான ரயிலில் வில் தொகுதிகள் இந்த வெட்டில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியும் இழுபடும்போது எஞ்சினும் சற்றே தயங்கும். ஆகவே அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். அடிப்படை மாறாது. வண்டி நீளமானால், தொய்வு கூடினால், குலுக்கலும் கூடும். எஞ்சினை ஓட்டுபவர் எவ்வளவு பொறுமையாக இழுக்கிறார் என்பதும் இதில் சேரும்.

அதே பஃபர், மோதலின்போது

இப்போது அதே 20 பெட்டி வண்டியைத் திருப்பிப்போட்டுப் பார்ப்போம். வண்டி முழு வேகத்தில் போகிறது. முன்னால் எதன்மீதோ மோதி எஞ்சின் நின்றுவிடுகிறது. பின்னால் இருக்கும் பெட்டிகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது.

நீலப் பெட்டிகளாக இருந்தால் அந்தத் தள்ளல் முழுவதும் ஓரத்துப் பஃபர்கள் வழியே போகும். பஃபர் முகங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவே தவிர, பிடித்துக்கொள்வதில்லை. எல்லாப் பெட்டிகளும் ஒரே உயரத்தில் இருப்பதும் இல்லை. கூட்டம் நிறைந்த பெட்டி சற்றே தாழ்ந்திருக்கும், காலியானது உயர்ந்திருக்கும். உயரத்தில் ஒரு சிறு வித்தியாசம் இருந்தாலும் தள்ளலின் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பிவிடும். ஒரு பஃபர் மற்றொன்றின் மேல் வழுக்கி ஏறும். கூடவே பெட்டியும் ஏறும்.

பெட்டியிலேயே மிக உறுதியான பகுதி அதன் அடிச்சட்டம். அது இப்போது அடுத்த பெட்டியின் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிடுகிறது. அந்த உயரத்தில் எதிரே இருப்பவை மெல்லிய தகட்டுச் சுவர், இருக்கைகள், மனிதர்கள். ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குள் நுழைந்துவிடும். 1998இல் பஞ்சாபின் கன்னாவிலும், 1999இல் மேற்கு வங்கத்தின் கைசாலிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்த விபத்துகளுக்குப் பிறகு, பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதைத் தடுக்க வேண்டும் என்ற குரல் நாட்டில் வலுத்தது.

நடு இணைப்பு இதைத்தான் தடுக்கிறது. பூட்டிக்கொண்ட இரண்டு எஃகுத் தலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று மேலேயோ கீழேயோ எளிதில் நழுவ முடியாது. இதற்கு ‘ஏறல் தடுப்பு’ என்று பெயரிடலாம். மோதலின்போது பெட்டிகள் தடம்புரளலாம், கோணலாகலாம், சாயலாம். ஆனாலும் பெரும்பாலும் ஒன்றோடொன்று கோத்தபடியே கிடக்கும். மோதலின் ஆற்றல் மனிதர்கள் இருக்கும் இடத்தைத் துளைப்பதற்குப் பதிலாக, இணைப்பையும் பெட்டி முனைகளையும் நசுக்குவதில் செலவாகும்.

நீலப் பெட்டியின் ஓரத்துப் பஃபர்கள்தான் தொய்வை ஒழித்தன. ஏறுவதற்கு வழிவிட்டவையும் அவைதான். நம் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்ட பாகம், மோசமான ஒரு நாளில் நம்மைக் கைவிடக்கூடிய பாகமாகவும் இருந்தது.

கவரைப்பேட்டையும் பஹாநகாவும்

2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் கிளைப்பாதைக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயில்மீது மோதியது. வேகம் மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர். பெட்டிகள் பல தடம்புரண்டன, ஒன்றில் தீயும் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்த அந்த வண்டியில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அவை எல்எச்பி பெட்டிகள்.

இதை வைத்து எல்எச்பி எதையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹாநகா பஜாரில், சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயில்மீது மோதியது. அதிலும் எல்எச்பி பெட்டிகள்தான். தடம்புரண்ட பெட்டிகள்மீது, எதிர்த்திசையில் வந்த இன்னொரு ரயிலின் கடைசிப் பெட்டிகளும் மோதின. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரண்டிலும் பெட்டி ஒரே வகை. பெரிய வேறுபாடுகளில் ஒன்று வேகம். கோரமண்டல் மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. வேகம் 75ஐவிட ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஆற்றல் வேகத்தோடு சேர்ந்து நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் மடங்கை அதே மடங்கால் பெருக்கிய அளவில் கூடுகிறது. அப்படிப் பார்த்தால் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 75 கிலோமீட்டர் வேக மோதல் என்பது வண்டியை 22 மீட்டர், அதாவது ஏழு மாடி உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். 128 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் 64 மீட்டர். ஏறத்தாழ தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் அது. நல்ல பெட்டி சேதத்தைக் குறைக்கும். மோதலே நேராமல் தடுக்கும் வேலை சிக்னலுக்கும், பாதைப் பராமரிப்புக்கும், தானியங்கித் தடுப்பு முறைகளுக்கும் உரியது.

உப்புக் காற்றும் உலோகச் சோர்வும்

சரி, மோதாமலே ஓடும் பெட்டிகளையும் ஏன் ஒதுக்குகிறார்கள்? வெளியே பார்த்தால் வண்ணம் மின்னுகிறதே?

நீலப் பெட்டிக்கு ரயில்வே வகுத்த ஆயுள் வரம்பு 25 ஆண்டுகள். எல்எச்பிக்கு 35 ஆண்டுகள். இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் துரு. நீலப் பெட்டியின் கூடு சாதாரண எஃகைவிடத் துருவை ஓரளவு தாங்கும் எஃகால் ஆனது. எல்எச்பியின் கூட்டில் பெரும்பங்கு துருப்பிடிக்காத எஃகு. பழைய பெட்டியில் கழிப்பறையைச் சுற்றியும், வாசற்படி ஓரத்திலும், ஜன்னலுக்குக் கீழேயும், தரைத் தகட்டின் மடிப்புகளிலும் நீர் தங்கும். துரு அங்கே தொடங்கி உள்ளிருந்து அரிக்கும். மேலே பூசிய வண்ணம் அதை மறைத்துவிடும்.

புதுக்கோட்டை வழியாகப் போகும் ராமேஸ்வரம் வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பாம்பன் கடலைத் தாண்டிப் போய், கடற்காற்றில் பல மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புகின்றன. காற்றில் வரும் உப்பு எஃகின்மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, துருவேறுவது விரைவாகிறது. இதே ரயில்பாதையில் புதுக்கோட்டையை அடுத்த காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘சிக்ரி’ என்றால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கடற்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதற்கென்றே அந்த நிலையம் மண்டபம் ஊரில் ஒரு களத்தை வைத்திருக்கிறது. பெட்டிகள் துருப்பிடிக்கும் கடற்கரையும், துருவை ஆராயும் கூடமும் ஒரே பாதையில் அமைந்திருக்கின்றன.

இரண்டாவது காரணம் உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் முறியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். உலோகம் தாங்கக்கூடிய சுமையே என்றாலும், அது லட்சக்கணக்கான முறை வந்துவந்து போனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து வளரும். இதை உலகுக்குப் பரவலாக உணர்த்தியதும் ரயில்தான். 1842இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நேர்ந்தது. அதன்பின் ஜெர்மானியப் பொறியாளர் அவுகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, சோர்வின் விதிகளை வகுத்தார்.

துருவும் சோர்வும் கைகோத்துக்கொள்ளும். துரு தகட்டை மெலிய வைக்கிறது. மெலிந்த தகடு சீக்கிரம் சோர்கிறது. திருச்சி பொன்மலை போன்ற பணிமனைகளில் அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடம் ஒவ்வொன்றும் புதிய கீறல் தொடங்குவதற்கு வாய்ப்புள்ள இடம். ஒரு கட்டத்துக்குமேல் பழுதுபார்ப்பதே பலவீனத்தைப் பெருக்கும். 25 ஆண்டு என்ற வரம்பு, பெட்டி உடையும் நாளைச் சொல்வதல்ல. உடையும் வாய்ப்பு உயரத் தொடங்கும் முன்பே நிறுத்திக்கொள்ளும் முன்யோசனை அது.

மென்மையும் காப்பும் ஒன்றாக

ஓய்வு பெற்ற நீலப் பெட்டிகள் எல்லாம் உடைக்கப்படுவதில்லை. பலவற்றின் இருக்கைகளை எடுத்து, ஜன்னல்களைத் தகட்டால் அடைத்து, முனையில் கதவு வைத்துக் கார் ஏற்றும் வண்டிகளாக மாற்றுகிறார்கள். சில பெட்டிகள் நிலைய வாசலில் உணவகமாகியிருக்கின்றன.

அவற்றின் மென்மையான கிளம்பல் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும். தொய்வு நடு இணைப்போடு கூடப் பிறந்த குணம். ஆனால் குறைக்க முடியாத குணம் அல்ல. முன்பின் அசைவைச் சமன்படுத்தும் புதிய வில் தொகுதிகளை எல்எச்பி பெட்டிகளில் பொருத்தத் தொடங்கினார்கள். வந்தே பாரத் வண்டிகள் இன்னொரு வழியைக் காட்டின. தினமும் கழற்றி மாட்டத் தேவையில்லாத பெட்டிகளை ஏறக்குறைய நிரந்தரமாகவே இறுக்கிப் பூட்டிவிட்டால் தொய்வுக்கு இடமில்லை. ஏறல் தடுப்பும் அப்படியே இருக்கும். குளிர்சாதன வசதி இல்லாத சாதாரணப் பயணிகளுக்காக 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் ரயிலிலும் இந்த வகை இணைப்புதான். அதன் பெட்டிகளைச் செய்ததும் பெரம்பூர் ஆலையே.

ஆகவே, குலுங்காத பயணம் வேண்டுமா, உயிர்க்காப்பு வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைப் பயணி தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. இரண்டையும் தரும் நுட்பம் கையில் இருக்கிறது. கேட்க வேண்டியது, அது யாருக்கு முதலில் போகிறது என்பதைத்தான். பெரும் விபத்துகளில் கூடுதலாக அடிபடுவது முன்னும் பின்னும் கோக்கப்படும் முன்பதிவில்லாப் பெட்டிகள். கீரனூரிலும் திருமயத்திலும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் ஏறுவது அந்தப் பெட்டிகளில். பழைய பெட்டிகளை மாற்றும் வரிசையில் அவர்கள் ஏறும் வண்டிகள் முன்னால் வர வேண்டும். நீலப் பெட்டியை நேசித்தவர்கள் ரயில்வேயிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டிய கோரிக்கை இது.